கிடுகு வேலி

சோழகக் காற்றுப் பிடித்துவிட்டால் ஆனையிறவில் எல்லாமே காயும். கொடியில் போட்ட சட்டை விறைத்து நிற்கும், உதடு வெடிக்கும், மூடாமல் வைத்த பேனையின் முனையில் மை கட்டிப்படும். எழுபதுகளில் உப்பளத்துக் குவாட்டர்சில் வளர்ந்த எங்களுக்கு ஒரு பக்கம் பாத்திகளின் வெள்ளை, மறுபக்கம் கடனீரேரி. நடுவில் கண்டி வீதியும் தண்டவாளமும். யாழ்தேவி போகிற சத்தத்தை வைத்துத்தான் அம்மா உலை வைப்பா.

ஐயாவின் கூட்டாளி ஒருவர் யாழ்ப்பாணம் போய்வரும்போதெல்லாம் ‘மல்லிகை’ வாங்கி வருவார். 1966இல் அதைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, இதழைத் தானே கையில் கொண்டு திரிந்து விற்கிறார் என்று அவர் சொன்னதைக் கேட்டு வாய்பிளந்தேன். எழுத்தாளர் என்றால் வெயிலில் நடந்து திரிகிற ஆள்தான் என்று தெரிந்ததும் எனக்கும் துணிவு வந்தது. பள்ளிக் கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் கதை தொடங்கினேன்.

சொல்வதற்கு ஒரு சம்பவம் இருந்தது. ஓர் ஆவணி இரவு, வாரிக் குவித்திருந்த உப்பின்மேல் காலந்தவறிய மழை இறங்கியது. குவாட்டர்ஸ் முழுக்க எழும்பி ஓடியது. லாந்தர்கள் அங்குமிங்கும் அலைய, தென்னோலைக் கிடுகுகள் கைமாறிக் கைமாறிக் குவியல்களின்மேல் ஏறின. கிடுகு போதவில்லை. பக்கத்து வீட்டு மாமி ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய், தன் வளவு வேலியைப் பிடுங்கிக்கொண்டு வந்தா. விடிந்தபோது உப்பு தப்பியிருந்தது. மாமியின் கத்தரிக் கன்றுகளை ஆடுகள் மேய்ந்திருந்தன. மழையை ஒரு சொல்லும் சொல்லாத மாமி, அன்று பகல் முழுக்க ஆடுகளைத் திட்டினா.

கொப்பியில் வந்ததோ வேறு. ‘கதிரவன் தன் பொற்கரங்களை மடக்கி மேற்றிசையில் மறைந்தான்’ என்று தொடங்கி, சூரியன் மறையவே ஒரு பக்கம் போனது. கடைசிப் பக்கத்தில் ஒற்றுமையே பலம் என்ற போதனை. இடையில் மாமிக்குக் கிடைத்தது இரண்டு வரி. ஒற்றையைக் கிழிப்பதும் திரும்பக் கதிரவனிடமே போய் நிற்பதுமாகக் கொப்பி மெலிந்தது. ‘ஏன் பிள்ளை, கொப்பி தின்னுறியோ?’ என்று அம்மா கேட்டா.

அந்த நாட்களில் ஐயாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவது என் வேலை. ஒருநாள் வரம்பில் நின்று, வெள்ளையாய்ப் படிந்திருந்த பாத்தி ஒன்றைக் காட்டி, ‘இதை ஏன் வாரேல்லை?’ என்று கேட்டேன்.

‘அது உப்பில்லைப் பிள்ளை, ஜிப்சம். உப்புக்கு முதல் அதுதான் படியும். படிஞ்ச பிறகுதான் தண்ணியை அடுத்த பாத்திக்கு விடலாம்.’

கடல்நீர் பத்தில் ஒரு பங்காக வற்றினால்தான் உப்புப் பூக்கத் தொடங்கும் என்றார். உப்பு விளைந்த பிறகும் மேலே கொஞ்சம் நீர் நிற்கும். அதில் மக்னீசியம் கூடுதல். ‘அதையும் வத்த விட்டால் உப்புக் கசக்கும், ஈரிக்கும். நேரத்துக்குத் திறந்துவிட வேணும்.’ அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டபடி அவர் சொன்னது முழுக்கத் தன் வேலையைப் பற்றித்தான். என் கதையை அவர் பார்த்ததுமில்லை.

ஆனாலும் அதைக் கேட்ட பிறகு ஒற்றை கிழிப்பதை விட்டேன். கதிரவன் வந்தால் வரட்டும் என்று எழுதினேன். போதனை வந்தபோதும் கையை நிறுத்தவில்லை. முடித்த பிறகு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வெட்டிவிட்டு, மிச்சமாய் நின்ற மாமியிடம் கேள்வி கேட்டேன்: அரசாங்க உப்புக்காக ஏன் சொந்த வேலியைப் பிடுங்கினா? வேலி இல்லாத வளவில் அடுத்த இரவு எப்படிப் படுத்தா? கதை அந்த இடத்தில்தான் நீளத் தொடங்கியது.

1990இல் போரோடு உப்பளம் நின்றது. 1991, 2000, 2009 என்று சண்டைக்குச் சண்டை ஆனையிறவின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது. குவாட்டர்சும் கொப்பியும் போயின. மீண்டும் உப்பு விளையும் இந்தக் காலத்தில் அந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் படிவது எல்லோருக்கும் தெரிந்த சண்டைகள்தான். எழுதி முடிக்கும் தறுவாயில் ஒப்பாரி வந்து நிற்கும். இரண்டும் உண்மை, இரண்டையும் தடுக்காமல் எழுதிவிடுகிறேன். மேசையில் சேரும் அலங்கோலமான ஒற்றைகளைக் கண்டு இப்போது பயமில்லை. திருத்தும்போது நான் தேடுவது ஒன்றைத்தான்: எனக்கு இன்னும் விளங்காத ஒரு காரியத்தைச் செய்துவிட்டு ஆடுகளைத் திட்டுகிற ஒரு மனுசி இதற்குள் எங்கேயாவது இருக்கிறாவா? இருந்தால் கதை உண்டு.