ஒரு வினைச்சொல்லும் யானும்

யான் ஒன்பதாம் வகுப்பிற் பயின்ற ஆண்டில் என் தகப்பனார் விஷசுரத்தால் நகரத்து ஆஸ்பத்திரியிற் கிடந்தார். தம்பி தங்கையர் சிறுவராதலின் தாயார் ஊரிலேயே தங்கினார். ஒருநாள் மாலை, வைத்தியர் எழுதிய ஒரு வரிச் சீட்டு பேருந்தில் வந்த ஒருவர் வாயிலாக எங்கள் இல்லஞ் சேர்ந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது.

"என்ன எழுதியிருக்கிறார், தம்பி?" என்றார் தாயார். வீட்டில் ஆங்கிலம் அறிந்தவன் யான் ஒருவனே. அறிந்தவன் என்பதும் என் எண்ணமே. சீட்டில் 'ஹி வில் புல் த்ரூ' என்றிருந்தது. 'புல்' என்றால் இழுத்தல் என்பது எனக்குத் தெரியும். பின்னின்ற சிறுசொல்லைப் பொருட்படுத்தாது, "இழுத்துக்கொண்டு கிடப்பாராம், அம்மா" என்றேன். சாகுந் தறுவாயில் உள்ளாரையன்றோ நம்மவர் அங்ஙனம் கூறுவர்! தாயார் கதறிய கதறலில் தெருவே திரண்டுவிட்டது.

அடுத்த வீட்டு ஆசிரியர் சீட்டை வாங்கி நோக்கி, "அடே, பிழைத்துக்கொள்வார் என்றல்லவா எழுதியிருக்கிறது!" என்றார்.

அன்றுமுதல் அத்தொடர் என்னை விடவில்லை. அதன் உயிர் யான் புறக்கணித்த சிறுசொல்லிலேயே இருக்கின்றது. 'த்ரூ' என்பது ஒன்றனுட் புகுந்து மறுபுறம் வெளிப்படுதலைக் குறிக்கும். ஆகவே நோயையோ இடுக்கணையோ கடந்து மீளுதலே கருத்து. நம் 'கரையேறுதல்' அதற்கு மிக அணித்து. நோயாளி தாமே 'புல் த்ரூ' ஆவதுமுண்டு. வைத்தியர் அவரைக் கரையேற்றின், 'புல் ஹிம் த்ரூ' என அவரை இடையிற் பெய்து கூறுதலும் உண்டு. சிறுசொல் மாறினாலோ எல்லாம் மாறும்: 'டவுன்' வரின் கட்டிடம் இடிபடும், 'அப்' வரின் வண்டி நிற்கும், 'ஆஃப்' வரின் அரிய காரியங் கைகூடும்.

சாமுவேல் ஜான்ஸன் 1755-இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையில், இவ்வகை வினைகள் பிறநாட்டார்க்குப் பேரிடர் விளைப்பன என்று ஒப்புக்கொண்டிருத்தலைக் கல்லூரிக்கு வந்தபின் அறிந்து சிறிது ஆறுதல் அடைந்தேன். ஆயினும், தமிழ் பயிலும் யான் ஆங்கிலத்தை நொந்துகொள்ளல் முறையோ? ஆசிரியர் கூறிய 'பிழைத்துக்கொள்வார்' என்பதில், 'கொள்' எதனைக் கொண்டது? 'வீட்டைப் பார்த்துக்கொள்' என்று ஓர் ஆங்கிலேயரிடம் சொல்லிச் சென்றால், அவர் நாள்முழுதும் சுவரை உற்று நோக்கியிருக்கமாட்டார் என்று யார் கூறவல்லார்?

தகப்பனார் இருபது நாள் கழித்துத் தாமே நடந்து வீடு வந்தார். இப்பொழுதும் ஆங்கிலக் கடிதம் ஏதேனும் வந்தால், தாயார் அதனை அடுத்த வீட்டு ஆசிரியரிடமே அனுப்புகின்றார்.