மலையில்லாத கணவாய்

துவிச்சக்கர வண்டியில் மலைக் கணவாய்களைக் கடப்பது ஐரோப்பிய இளைஞருக்கு உவப்பான உலா. மத்தியதரைக் கடலை அடுத்த தென் பிரான்சில் மொன் வாந்து என்றொரு மலை உண்டு. 1,900 மீற்றருக்கு மேல் உயர்ந்த அதன் உச்சியை வண்டி மிதித்தே எய்திவிட வேண்டுமென்று ஆண்டுதோறும் பலர் அங்கே வருகின்றனர். அவர்களை வருத்துவது ஏற்றம் மட்டுமன்று. 'மிஸ்திரால்' எனப் பெயர் பெற்ற வடகாற்றும் வருத்தும். இருபுறத்து மலைகளுக்கும் இடைப்பட்ட றோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நெருக்குண்ட காற்று, குழலில் ஊதிய மூச்சைப் போல விசை கொண்டு வெளிப்படுகின்றது.

பனையை விட உயர்ந்த மேட்டைக் காணாத வடபுலத்தில் வாழும் எமக்குக் கணவாய் ஏது என்று வாசகர் வினவலாம். கணவாய் என்பது யாது? இருபுறமும் உயர்நிலம் நிற்க, இடையே தாழ்ந்து கிடக்கும் வழியே கணவாய். தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். ஒருபுறம் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைகள். மறுபுறம் இலங்கையின் மத்திய மலைநாடு. இடையே மன்னார்க் குடாவும் பாக்கு நீரிணையும். அவ்விரு கடல்களுக்கும் நடுவே, நீண்டு கிடக்கும் மணல் திட்டே மன்னார்த் தீவு. காற்றும் பறவையும் மனிதரும் பன்னெடுங் காலமாகக் கடந்து சென்ற கணவாய் அது. ஓர் ஆவணி விடுமுறையில், ஆசிரியர் மூவராய், வண்டியிலும் கால்நடையாகவும் மூன்று நாட்கள் அதனைச் சுற்றி வந்தோம்.

பாலாவிக் கரையிலிருந்து

திருக்கேதீச்சரத்தில் பாலாவியில் நீராடிப் பயணத்தைத் தொடங்கினோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் இது. போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்து, காடு மூடிக் கிடந்த இத்தலத்தை மீண்டும் எழுப்ப வேண்டுமென 1872இல் ஆறுமுக நாவலர் குரல் கொடுத்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சேர். கந்தையா வைத்தியநாதன் முன்னின்று திருப்பணியை நடத்தினார். மகாசிவராத்திரியன்று அடியார்கள் பாலாவித் தீர்த்தத்தைக் குடங்களிற் சுமந்து வந்து தம் கையாலேயே இறைவனுக்கு அபிடேகம் செய்யும் காட்சி உள்ளத்தை உருக்குவது.

கோயிலைச் சூழ்ந்துள்ள மேட்டு நிலமே பண்டைய மாதோட்டத் துறைமுகம். 1980ஆம் ஆண்டு தொடங்கி இங்கே நடந்த அகழாய்வில் சீன நாட்டு மட்பாண்டங்களும் மேற்காசியப் பாண்டங்களும் கிடைத்தன. சீனத்துச் சரக்கும் அரபு நாட்டுச் சரக்கும் சந்தித்த சந்தையின்மேல் எம் வண்டிகளை உருட்டிச் செல்கின்றோம் என்று எண்ணியபோது, கணவாய் என்ற சொல்லின் பொருள் எமக்குத் துலங்கலாயிற்று.

சோளகம் வழிமறித்த பாலம்

தள்ளாடியைக் கடந்ததும் கடலின் குறுக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமான தாம்போதியும் பாலமும் தொடங்குகின்றன. 1990இல் போரினால் தகர்ந்த பழைய பாலத்துக்குப் பதிலாக 2010இல் திறக்கப்பட்டது இது. மோட்டார் வண்டியிற் செல்வோர் சில நிமிடங்களில் இதனைக் கடந்துவிடுவர். எமக்கோ அரைமணி நேரம் பிடித்தது. சோளகக் காற்று இடப்புறமிருந்து தாக்க, வண்டிகள் வலப்புறமாக ஒதுங்கின. கைப்பிடியை இறுகப் பற்றி, உடலைக் காற்றின் பக்கம் சாய்த்து, ஒருவர் பின் ஒருவராய் மிதித்தோம்.

பாலத்தின் அந்தத்தில் வள்ளம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எம்மைக் கண்டு நகைத்தார். "மலையெண்டால் ஏறினாப் பிறகு இறங்கலாம், மாஸ்ரர். காத்துக்கு ஏது இறக்கம்?" என்றார். மொன் வாந்து ஏறுவோருக்கும் இதனைவிடச் சிறந்த பாடத்தை எவர் புகட்டுவார்?

பாலத்தின் இருபுறமும் பரந்த ஆழமற்ற நீர்ப்பரப்பு வங்காலைப் பறவைகள் சரணாலயத்தைச் சேர்ந்தது. 2008இல் சரணாலயமாகவும் 2010இல் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த றாம்சார் ஈரநிலமாகவும் இது அறிவிக்கப்பட்டது. மத்திய ஆசியாவிலிருந்து தெற்கு நோக்கி வரும் பறவைகளின் பெருவழி இலங்கையில் முடிகின்றது. இதற்கப்பால் தெற்கே அவற்றுக்குப் பெருநிலம் இல்லை. பூநாரைகளைக் கூட்டங் கூட்டமாகக் காண விரும்புவோர் மார்கழி, தை மாதங்களில் வரவேண்டும்.

தலைமன்னார் வழி

நகரின் முகப்பிலே 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை நிற்கின்றது. பள்ளிமுனையில் பெருக்கமரத்தைக் கண்டோம். ஆபிரிக்க நிலத்துக்குரிய அம்மரத்தை அரபு வணிகர் கொண்டுவந்து நட்டனர் என்பர். உயரம் சிறிதாயினும் அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர். நகர வீதிகளிலே ஆளற்றுத் திரியும் கழுதைகளும் அவ்வணிகரால் வந்தவையென்றே சொல்லப்படுகின்றது. ஒருகாலத்தில் பொதி சுமந்த அப்பிராணிகள், மோட்டார் வண்டி வந்தபின் வேலையிழந்து கடை வாசல்களில் நிழல் தேடுகின்றன.

நகரிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வழியில் 1544இல் சங்கிலி மன்னனின் படையால் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் நினைவாக ஆலயம் நிற்கும் தோட்டவெளி வருகின்றது. எருக்கலம்பிட்டி முஸ்லிம் மக்களின் பழம்பதி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றியபோது இவ்வூராரும் கடல் வழியே தெற்கு நோக்கிச் சென்றனர். போர் முடிந்தபின் பலர் மீண்டு வந்துள்ளனர். கணவாயைப் பிறர் கடந்து போவதுண்டு. அதனையே வீடாகக் கொண்டவர் துரத்தப்படுவதன் துயர் வேறு. அதனை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

பேசாலைக் கடற்கரையில் வலைகள் உலர்ந்தன. சோளகக் காலத்திலே தென்கடல் கொந்தளிக்கும். ஆகவே தென்கரை மீனவர் பலர் வடகரைக்குச் சென்று வாடியமைத்துத் தொழில் செய்வர். வாடைக் காற்று எழுந்ததும் இம்முறை மாறும். இங்கே காற்றே நாட்காட்டி.

கடந்து போனவர்கள்

தலைமன்னார் இறங்குதுறையில் வண்டிகளை நிறுத்தி, மறுநாட்காலை மேற்கு முனை நோக்கி மணலில் நடந்தோம். அப்பால் இராமர் பாலம் என வழங்கும் மணல் தீடைகள் இந்தியாவை நோக்கி வரிசையாகக் கிடக்கின்றன. ஈர மணலில் நடப்பது எளிது. உலர்ந்த மணலில் ஒவ்வோர் அடியும் பாதி அடியாகின்றது. ஒரு மணி நேர நடையிலேயே எம் கால்கள் தளர்ந்தன.

அப்போதுதான் முன்னோரின் நடை நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்து ஏழைத் தொழிலாளர், கோப்பித் தோட்டங்களுக்கென வள்ளங்களில் வந்து இக்கரையோரத்தில் இறங்கினர். புகையிரதம் இல்லாத காலம். மன்னாரிலிருந்து மாத்தளை வரை, காட்டினூடே, நூறு மைலுக்கும் மேற்பட்ட தூரத்தைப் பெண்களும் குழந்தைகளும் நடந்தே கடந்தனர். பேதியாலும் காய்ச்சலாலும் வழியில் வீழ்ந்தோர் மிகப் பலர். மலையகத்தின் செல்வம் இம்மணலில் பதிந்த காலடிகளிலிருந்தே தொடங்கிற்று.

1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் திறக்கப்பட்டன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட 22 மைல் கடலை நீராவிக் கப்பல் இணைத்தது. கொழும்பிலே சீட்டு வாங்கிச் சென்னையிலே இறங்கலாம். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. அதே 1964இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கையின்படி மலையகத் தமிழர் பல்லாயிரவர் இத்துறையிலிருந்துதான் கப்பலேறினர். பாட்டன் நடந்து வந்த கணவாயின் வழியே பேரன் திருப்பி அனுப்பப்பட்டான். 1984இல் அக்கப்பலும் நின்றது. அதன்பின் போருக்கஞ்சிய குடும்பங்கள் இரவோடிரவாகப் படகேறிய கரையும் இதுவே.

2015இல் புகையிரதம் மீண்டும் தலைமன்னாரை எட்டிற்று; ஆயினும் தண்டவாளம் துறையிலேயே முடிந்துவிடுகின்றது. 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் கடலிலே எல்லைக்கோட்டை வரைந்தன. பறவைகள் அக்கோட்டை அறியா.

காற்றின் விலை

திரும்பி வருகையில் தென்கரையோரம் உயர்ந்து நிற்கும் காற்றாலைகளை அண்மையிற் கண்டோம். 2020இல் தொடங்கிய 'தம்பபவனி' என்னும் இந்நிலையத்தில் 30 காற்றாலைகள் உள்ளன. மொத்த ஆற்றல் 103.5 மெகாவாற்று. பாலத்தில் எம்மை வாட்டிய அதே காற்று இங்கே விளக்கேற்றுகின்றது என்பது மகிழ்ச்சிக்குரியதே. எரிபொருளைப் பிறநாடுகளில் வாங்கும் நாட்டுக்கு இது வேண்டாத செல்வம் என எவர் சொல்வார்?

ஆயினும் பேசாலையில் எமக்குத் தேநீர் தந்த அம்மையார் தம் கிணற்றைக் காட்டிக் கூறியது எம் செவியில் நின்றது: "தம்பி, இந்தத் தண்ணி நல்லாயிருக்கிற வரைக்கும்தான் நாங்கள் இஞ்சை." அவர் சொல்லியதன் காரணம் எளிது. இது ஆறில்லாத் தீவு. மழைநீர் மணலினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. கிணறுகள் அப்படையிலிருந்தே நீர் பெறுகின்றன. மணலை ஆழத் தோண்டினாலோ, வெள்ளம் வடியும் வழியை அடைத்தாலோ அச்சமநிலை குலைந்துவிடும். இம்மணலில் இல்மனைற் என்னும் கனிமம் கலந்துள்ளது. அதை அகழ்வதற்கான ஆய்வுகளும் நடந்துள்ளன. மேலும் காற்றாலைகள் எழுந்தால் பறவைகளின் வழி தடைப்படுமென அறிஞர் சிலர் எச்சரிக்கின்றனர். பெரிய திட்டமொன்றை ஏற்றிருந்த இந்திய அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது; எனினும் வேறு திட்டங்கள் தொடர, அவ்வாண்டு ஆகஸ்டில் மன்னார் மக்கள் குருமாருடன் கூடி வீதியில் இறங்கினர். காற்று எல்லாருக்கும் பொது. ஆனால் காற்றாலையின் அத்திவாரம் ஊன்றும் மணல், அதன்மேல் வாழ்வோரின் தண்ணீர்ப் பானை. பானைக்குரியவரைக் கேளாமல் அதிற் கைவைத்தல் முறையாகுமா?

அரிப்புத் துறை

மூன்றாம் நாள் பாலத்தைக் கடந்து, தெற்கே அரிப்பு நோக்கித் திரும்பியதும் சோளகம் நேர்முகமாக எதிர்த்தது. வங்காலையைத் தாண்டி, நானாட்டான் வயல்களைக் கடந்து, அருவி ஆற்றுப் பாலத்தை அடைவதற்குள் பலமுறை இறங்கி வண்டியை உருட்டினோம். 1679இல் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், கண்டி மன்னனிடம் இருபதாண்டளவு சிறைப்பட்டிருந்தபின், தோழர் ஒருவருடன் தப்பி, இந்த ஆற்றின் கரையையே வழிகாட்டியாகக் கொண்டு காட்டினூடே நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை எய்தினார். வந்தோரில் பலர் இக்கரையில் துன்பத்துக்குள் இறங்கினர். அவரோ துன்பத்திலிருந்து கரையேறினார்.

அரிப்புக் கடலோரத்தில் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த மாளிகையின் இடிபாடு நிற்கின்றது. கிரேக்க நாட்டு டோரிக் முறையிலமைந்தமையால் டோரிக் மாளிகை எனப் பெயர் பெற்றது. முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்யவே மத்தியதரைக் கடலின் சிற்பமுறை இங்கே குடியேறிற்று. 1906இல் முத்துப் பார்களைக் குத்தகைக்கு எடுத்த நிறுவனம் சில ஆண்டுகளிலேயே நட்டப்பட்டு விலகிற்று. அளவின்றி அள்ளிய கடல் வெறுங்கையை விரித்தது. இன்று அலைகள் மண்மேட்டை அரிக்க, மாளிகை பகுதி பகுதியாகச் சரிகின்றது.

திரும்பும் வழியில் காற்று எம் முதுகைத் தள்ளிற்று. காலையில் எம்மை வருத்திய தூரத்தை மிதிக்காமலே பாதி கடந்தோம். முதியவர் ஏது என்று கேட்ட இறக்கம் அதுதான் போலும்!

மாணவர்களே, விடுமுறையில் நீங்களும் மன்னாருக்குச் செல்லுங்கள். புகையிரதத்தில் வண்டியை ஏற்றிச் சென்றாலும், மன்னாரில் இறங்கி மிதியுங்கள். நிறையத் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்; உச்சி வெயிலில் மணலில் நடவாதீர்கள். ஊர் தோறும் மூத்தவரிடம், "இப்போது எந்தக் காற்று?" என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்லத் தொடங்குபவர் கடலையும் கிணற்றையும் வலையையும் பற்றிச் சொல்லாமல் நிறுத்தமாட்டார். விரைந்து கடப்பவனுக்கு மன்னார் ஒரு வழி. மெல்லச் செல்பவனுக்கு அது பலர் வாழும் ஊர்.