தேதி இல்லாத மூடுவிழா

தொழில் போன ஊர்களுக்குப் பெரும்பாலும் ஒரு தேதி இருக்கும். இங்கிலாந்தின் டர்ஹம் பகுதியில் ஈசிங்டன் என்றொரு நிலக்கரிக் கிராமம். 1899இல் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். 1951 வெடிவிபத்தில் 83 பேர் போனார்கள். 1984-85 வேலைநிறுத்தத்தில் ஊரே ஒரு வருஷம் வயிற்றைக் கட்டிக்கொண்டு நின்றது. 1993இல் சுரங்கம் மூடப்பட்டது. வடாற்காட்டுத் தமிழர்கள் கூட்டங்கூட்டமாகப் போய்க் குடியேறிய கோலார் தங்கவயலுக்கும் தேதி உண்டு: 2001 பிப்ரவரி 28.

காஞ்சிபுரத்தில் எங்கள் பிள்ளையார்பாளையத்துக்கு அப்படி ஒன்று கிடையாது. எந்தத் தெருவில் நுழைந்தாலும் தறிச் சத்தம் கேட்ட இடம் இது. இன்றும் தறி ஓடுகிறது, ஆனால் ஏதோ சில வீடுகளில்தான். எப்போது குறைந்தது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஒரு வீட்டில் அப்பாவுக்கு முதுகு போனதும் நின்றது. இன்னொரு வீட்டில் மாடி எடுத்தபோது தறிக்குழியைத் தூர்த்து டைல்ஸ் பதித்தார்கள். அந்த இடத்தில் இப்போது ஃபிரிட்ஜ் நிற்கிறது.

கோர்வைச் சேலையையே எடுத்துக்கொள்வோம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய மூன்று நாடா வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இன்னொருவர் அநேகமாகச் சின்னப் பிள்ளை. முன்பணம் வாங்கிக்கொண்டு பிள்ளையை அடுத்தவர் தறிக்கு விட்ட வீடுகளும் இருந்தன. பிறகு அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அதற்காக யார் வருத்தப்பட முடியும்? படித்தவர்கள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். அங்கேயும் நிச்சயம் என்று ஒன்றுமில்லை. நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. பார்த்தீர்களா, அதற்கும் தேதி இருக்கிறது.

வேண்டாத சரக்கு என்பதால் தொழில் போகிறது என்று சொல்லிவிட முடியாது. ஆழச் சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடிய காலத்திலும் இங்கிலாந்து கரி எரித்துக்கொண்டுதான் இருந்தது. கப்பலில் வந்த கரி மலிவு. கோலாரை மூடிய பிறகு நாம் தங்கம் வாங்குவதை நிறுத்தினோமா? காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளில் முகூர்த்த மாதத்தில் கால்வைக்க இடம் இருக்காது. சேலை விற்கிறது. விசைத்தறியில் ஓட்டிய சேலையும் காஞ்சிப் பட்டு என்ற பேரில் போகிறது. நெய்கிற கைக்குத்தான் கட்டுப்படியாகவில்லை.

சுரங்கக்காரர்களுக்கு எதிரில் ஒரு கேட் இருந்தது. கொடி பிடித்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள், தோற்றாலும் யாரிடம் தோற்றோம் என்று தெரிந்தது. நெசவாளி வேலை பார்ப்பது சொந்த வீட்டில். பட்டும் ஜரிகையும் முதலாளியோ சங்கமோ கொடுக்கும். சேலையைக் கொடுத்துக் கூலி வாங்க வேண்டும். கட்டுப்படியாகவில்லை என்றால் அவரேதான் தறியைப் பிரிக்கிறார். தன் வீட்டு வாசலில் தானே மறியல் செய்ய முடியுமா? நஷ்டஈடு என்ற பேச்சே எழாததற்கும் இதுதான் காரணம். மூடியவர் என்று கைகாட்ட ஆள் இல்லை.

ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி தினம். கைத்தறி அழியாது என்று அன்றைக்கு எல்லோரும் பேசுவார்கள். அதை நம்பி, இன்னும் தறியில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம், பையனுக்கும் தொழிலைக் கற்றுக்கொடுக்கலாமே என்றேன். அவர் நாடாவை நிறுத்தவேயில்லை. "கத்துக்குடுக்கலாம்ண்ணா. அப்புறம் அவனுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க? நானே என் பொண்ண தறிக்காரனுக்குக் குடுக்கல."

தேதி வேண்டுமென்றால் இந்த ஊரின் கல்யாணப் பேச்சுகளில் தேட வேண்டும். நெசவாளியே நெசவாளிக்குப் பெண் கொடுக்க மறுத்த முதல் நாள் எதுவோ, அன்றைக்குத்தான் எங்கள் சுரங்கத்தைப் பூட்டினார்கள்.