கிங்ஸ்டனில இருண்ட கமரா

ஸ்காபரோவிலிருந்து 401-இல் மொன்றியல் போனால் கிங்ஸ்டன்தான் ஏறக்குறையப் பாதிவழி. கோப்பி குடிச்சிட்டு றிவேர்ஸ் போட்டேன். திரை ஒரே கறுப்பு. றோட்டு உப்பு படிஞ்சிருக்கும் எண்டு லென்ஸைத் துடைக்க இறங்கினால், காருக்குப் பின்னால சின்னவன் குந்தியிருந்து பனி உருட்டுறான்! எனக்குக் கை நடுங்கிப்போச்சு.

துடைச்சும் சரிவரேல்லை. உப்பெண்டால் படம் மங்கும், இப்பிடிக் கறுக்காது. பின்கதவைத் திறந்துவைச்சு றிவேர்ஸ் போட, படம் வந்தது, மூட, போச்சு. கதவு மடியிற இடத்து றப்பர் குழாய்க்குள்ள வயர் முறிஞ்சிருக்கு.

2018 மே தொடக்கம் கனடாவில புதுக்கார்களுக்கு இந்தக் கமரா கட்டாயம். கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு அதோட போயிட்டுது.

மொன்றியல் மட்டும், நிப்பாட்டின இடமெல்லாம் மனுசி சின்னவனைக் கையில பிடிச்சபடி ஓரமா நிண்டு, ஊர் மினிபஸ் கொண்டக்டர் மாதிரி “வரட்டும், வரட்டும்” எண்டா.