விதைநெல்லும் வீட்டுக்கடனும்

தமிழில் 'கடன்' என்னும் சொல் விசித்திரமானது. காலைக்கடன், நேர்த்திக்கடன், நீத்தார் கடன், வீட்டுக்கடன் என்று ஒரு மனிதனின் விடியல் முதல் மறைவு வரை அது உடன் வருகிறது. புறநானூற்றில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் மகனுக்கும் உரியவற்றை வரிசைப்படுத்துகையில் இச்சொல் கடமையைக் குறித்தது. வங்கிக் கிளையில் நாற்பது இடங்களில் கையெழுத்திடும்போது அது வேறொன்றைக் குறிக்கிறது. ஆனால் இந்த இரண்டாம் பொருளுக்குள்ளும் முதற்பொருள் ஒளிந்துகொண்டிருக்கிறது என்றே தோன்றுகிறது. வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதை வெறும் கொடுக்கல் வாங்கலாக நம்மவர்கள் பார்ப்பதில்லை. அது ஒரு நியமம், சிலருக்கு விரதம்.

எங்களுக்கும் அது விரதமாகத்தான் இருந்தது. 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையின் தென்புறநகரில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் தளத்தில் வீடு வாங்கினோம். கடன் 30 லட்சம், வட்டி எட்டரை விழுக்காடு, தவணைக்காலம் 20 ஆண்டுகள், மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்குப் போய், 4,785 ரூபாய் மட்டும் முதலில் கழிந்ததைப் பார்த்த இரவில் எங்களுக்கு உறக்கம் வரவில்லை. இருபது ஆண்டுகளையும் கூட்டிப் பார்த்தோம். வாங்கிய முப்பதுக்கு மேல் முப்பத்திரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வட்டி. ஒரு வீட்டுக்கு இரண்டு வீட்டின் விலை!

அன்றைக்கே ஒரு குறிப்பேடு வாங்கினோம். பத்தாண்டில் முடிக்க வேண்டுமானால் மாதம் 37,196 ரூபாய் கட்ட வேண்டும். வட்டியில் ஏறத்தாழ 18 லட்சம் மிச்சமாகும். தனிநபர் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வசூலிக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இலேயே சொல்லிவிட்டிருந்தது. எனவே மாதந்தோறும் பதினோராயிரம் ரூபாய் கூடுதலாகச் செலுத்தினோம். பழைய ஸ்கூட்டர் பழையதாகவே ஓடியது. ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பிறருடைய புகைப்படங்களில் இருந்தன. திருமணங்களுக்கு மொய் எழுதும்போது கை சற்றே தயங்கியது. நண்பர்கள் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் எங்களுக்கு ஒரு இரகசியப் பெருமிதம் இருந்ததையும் சொல்லியாக வேண்டும்.

2020 மார்ச் 27 அன்று, பெருந்தொற்றை முன்னிட்டு மூன்று மாதத் தவணைகளை ஒத்திப்போட ரிசர்வ் வங்கி இடமளித்தது. பின்னர் அது ஆகஸ்ட் இறுதிவரை நீண்டது. ஒத்திப்போட்ட மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்பதால் நாங்கள் அந்தச் சலுகையின் பக்கம் திரும்பவில்லை. இருவருக்கும் சம்பளம் வந்துகொண்டிருந்தது. குறிப்பேட்டில் ஒரு மாதமும் விடுபடவில்லை.

*

2023 தொடக்கத்தில் எங்களில் ஒருவருக்கு வேலை போயிற்று. யாருக்கு என்பதைச் சொல்லாமலே விடுகிறோம். கடன் ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். வங்கியின் கண்ணில் நாங்கள் ஓராள்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் பதினோரு ஆண்டுகள் ஒரே நிறுவனம். கடல்கடந்த வாடிக்கையாளர் ஒருவர் தம் செலவைச் சுருக்கிக்கொள்ள, இங்கே ஒரு குழுவே தேவையற்றதாயிற்று. 'ஆட்குறைப்பு' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. நீங்களாகவே ராஜிநாமா கடிதம் கொடுத்துவிடுங்கள், சான்றிதழ் நல்லபடியாக இருக்கும் என்றார்கள். யோசித்துப் பார்த்தால் 'ஆட்குறைப்பு' என்பதே நிறுவனத்தின் பக்கம் நின்று செய்த சொல். குறைவது எண்ணிக்கை, குறைக்கப்பட்ட ஆள் அச்சொல்லில் எங்கும் இல்லை.

பணிக்கொடை, இரண்டு மாதச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான தொகை என எல்லாம் சேர்ந்து நான்கு லட்சம் வந்தது. வீட்டில் மீதமிருந்த ஒரு சம்பளம் 40,000 ரூபாயைத் தொடவில்லை. தவணை போனால் பதின்மூன்றாயிரத்துச் சொச்சத்தில் பள்ளிக் கட்டணமும் மளிகையும் மருந்தும்.

முதல் வாரம் நாங்கள் கணக்குப் போடவில்லை. காலையில் வழக்கமான நேரத்தில் குளித்து, வழக்கமான சட்டையை அணிந்து, எங்கே போவதென்று தெரியாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை இன்னொருவர் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம். சாப்பாட்டு டப்பா இரண்டுக்குப் பதில் ஒன்றாயிற்று. இரண்டாவதைக் கழுவிக் கவிழ்த்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தபோது எங்களுக்குள் பேச்சு நின்றுபோயிற்று.

இரண்டாம் வாரத்தில் குறிப்பேட்டைத் திறந்தோம். இடையில் வட்டி ஏறி இறங்கியதை விட்டுவிட்டுச் சொன்னால் கணக்கு இப்படி: கூடுதலாக ஏதும் கட்டாதிருந்தால் ஆறாண்டு முடிவில் பாக்கி இருபத்தைந்தரை லட்சம். எங்கள் பாக்கி பதினைந்து லட்சம். பழைய தவணையிலேயே தொடர்ந்தாலும் இன்னும் ஆறேகால் ஆண்டில் கடன் முடிந்துவிடும். அதாவது, ஒப்பந்தத்தைவிட ஏழே முக்கால் ஆண்டு முன்னால் நின்றுகொண்டிருந்தோம்.

இந்த எண்ணைப் பார்த்ததும் எங்களுக்கு ஆறுதல் பிறந்தது. ஏழே முக்கால் ஆண்டு முன்னால் இருப்பவர்கள் ஏழு மாதம் மூச்சு வாங்கிக்கொள்ளக் கூடாதா? வங்கிக் கிளையில் மேலாளர் அன்போடுதான் பேசினார். "இவ்வளவு முன்னாடி கட்டியிருக்கீங்களே, ரொம்ப அபூர்வம் சார்" என்றார். பிறகு அதே குரலில், "அடுத்த தவணை அஞ்சாம் தேதி. அதுல மாத்தம் இல்ல" என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. முன்கூட்டிச் செலுத்தும் பணம் கடனின் வாலைத்தான் வெட்டுகிறது, தலையைத் தொடுவதில்லை. கடைசி ஆண்டுகளின் தவணைகள் உதிரும். அடுத்த மாதத் தவணை அப்படியே இருக்கும். அது நிலுவையாகி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகும். அதன்பின் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்பி, நீதிமன்றத்துக்குப் போகாமலே வீட்டைக் கைப்பற்ற வங்கிக்கு வழி உண்டு. ஒரு ரூபாயும் கூடுதலாகக் கட்டாதவருக்கும் பத்து லட்சம் கூடுதலாகக் கட்டியவருக்கும் அந்த 90 நாள் ஒன்றுதான். 2020-இன் ஒத்திவைப்பு போல ஒன்று இப்போது கிடையாதா என்று கேட்டோம். ஊருக்கே வந்த இடருக்குச் சலுகை உண்டு. ஒரு வீட்டுக்கு வந்த இடருக்கு விண்ணப்பம்தான் உண்டு என்பது புரிந்தது.

*

செய்தியை மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் பெரியவரிடம் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. எங்களில் ஒருவருக்கு அவர் அப்பா, மற்றவருக்கு மாமா. விவசாயி. பாட்டியின் இரட்டை வடச் சங்கிலி அவர் காலத்தில் வீட்டில் இருந்த நாள்களைவிடக் கூட்டுறவுச் சங்கத்தின் பெட்டகத்தில் இருந்த நாள்களே அதிகம். நடவுக்கு முன் வைப்பார். அறுவடை முடிந்து மீட்பார். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்காத ஆண்டுகளில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பார். சிறு வயதில் அதைப் பார்த்து வளர்ந்ததால்தானோ என்னவோ, கடனே இல்லாத வாழ்வு என்னும் கனவு எங்களைப் பிடித்துக்கொண்டது.

அவர் பதறவில்லை. தொலைபேசியில் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு கேட்டார்: "கையில எவ்வளவு இருக்கு?" நான்கு லட்சம் என்றோம். அதை அப்படியே கடனில் கட்டிவிட்டால் பாக்கி பதினொன்றாகிவிடும் என்று யோசிப்பதாகவும் சொன்னோம்.

"வெதநெல்லக் கொண்டுபோயி யாராச்சும் கடன அடைப்பாங்களா?" என்றார். "வட்டிய மட்டும் தவறாமக் கட்டுங்க. மொதலு எங்க ஓடிடப் போவுது?"

வயலை நம்பி வாழ்பவருக்கு வருமானம் தவறும் என்பது முன்பே தெரிந்த செய்தி. மழை பொய்க்கும், புகையான் விழும், அறுக்கும் நேரத்தில் புயல் வரும். எனவே அவருடைய கடன் கணக்கில் தவறும் ஆண்டுக்கும் ஓர் இடம் இருந்தது. குதிரில் எது உண்ணும் நெல், எது விதைநெல் என்ற கோடு அழியாமல் இருந்தது. மாதச் சம்பளக்காரர்களின் கணக்கு வேறு. 240 தவணை என்றால் 240 சம்பளம் என்று வங்கியும் எழுதிக்கொள்கிறது, நாமும் எழுதிக்கொள்கிறோம். அத்தனை மாதங்களில் ஒன்றும் பொய்க்காது என்ற நம்பிக்கையின் மேல்தான் தவணை அட்டவணை நிற்கிறது. காவிரிப் பாசனத்தில் யாரும் அப்படியொரு அட்டவணை போடத் துணிய மாட்டார்கள்.

நான்கு லட்சத்தை வைப்புத்தொகையாகப் போட்டோம். கடன் வட்டிக்கும் வைப்பு வட்டிக்கும் இடையே இரண்டு விழுக்காடு என்று வைத்தால் ஆண்டுக்கு 8,000 ரூபாய் நட்டம். குறிப்பேட்டில் அதை நட்டம் என்று எழுதாமல் 'உறக்கத்தின் விலை' என்று எழுதினோம்.

பெரியவரின் சொல்லைப் பற்றிக்கொண்டே வங்கிக்கு மறுபடி போனோம். இம்முறை விலக்குக் கேட்கவில்லை. பாக்கி 15 லட்சத்தைப் பழைய ஒப்பந்தத்தில் மீதமிருக்கும் 14 ஆண்டுகளுக்கும் திரும்பப் பரப்பித் தவணையைக் குறைத்துத் தருமாறு கேட்டோம். புதுச்சலுகை எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் காலத்துக்குள்தான் கேட்கிறோம். மேலாளர் தயங்கினார், மேலிடத்தைக் கேட்டார், சம்பளச் சீட்டு கேட்டார், முத்திரைத்தாளில் துணை ஒப்பந்தம் ஒன்று எழுதச் சொன்னார். மூன்று வாரமாயிற்று. வட்டி அப்போது ஏறியிருந்தபோதும் புதிய தவணை 16,000 ரூபாய்க்குள் அடங்கியது. ஆறாண்டுகள் கடனின் வாலில் சேர்த்துவைத்தது தலைப்பக்கம் வந்து, மாதம் பத்தாயிரம் ரூபாயாக எங்களுக்குத் திரும்பியது. ஸ்கூட்டரும் போகாத கொடைக்கானலும் வீண்போகவில்லை. ஆனால் அவை தாமாக வந்து கதவைத் தட்டவில்லை; நாங்கள்தான் போய்க் கேட்க வேண்டியிருந்தது.

இதைச் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்கூட்டிச் செலுத்தும்போது தவணைக்காலம் குறைய வேண்டுமா, தவணைத்தொகை குறைய வேண்டுமா என்று இரு வழிகள் உள்ளன. நாம் வாய் திறக்காவிட்டால் பெரும்பாலும் காலம்தான் குறையும். வட்டி மிச்சமாவதும் அதில்தான் அதிகம். இரு சம்பளம் வரும் வீட்டுக்கு அது நல்ல வழி. ஒரு சம்பளம் நின்ற அன்று மற்ற வழியைக் கேட்கலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். வட்டி மாறுகையில் தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைக் கடன் பெற்றவருக்குத் தர வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. ரெப்போ விகிதம் 4 விழுக்காட்டிலிருந்து ஆறரைக்கு ஏறிய 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரையிலான மாதங்களில், தங்கள் கடன் எத்தனை ஆண்டு நீண்டது என்றே தெரியாமல் இருந்தவர்கள் எங்கள் அடுக்ககத்திலேயே இருந்தார்கள்.

*

எட்டாம் மாதம் வேறு வேலை கிடைத்தது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. இரண்டாவது டப்பா மேல்தட்டிலிருந்து இறங்கியது. வைப்புத்தொகையில் ஒன்றேகால் லட்சம் கரைந்திருந்தது. முதலில் அதை நிரப்பினோம். ஓராண்டுத் தவணையும் ஆறு மாத வீட்டுச் செலவும் அங்கே சேரும்வரை கடனுக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் கட்டவில்லை. சேர்ந்த பிறகு மறுபடி தொடங்கினோம், முன்பைவிட மெதுவாக.

2027-இல் முடிப்பதாக இருந்த கடன் 2027-இல் முடியாது. முடியும் நாளில் மூலப் பத்திரங்களை வங்கி 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும். தவறு வங்கியின் பக்கம் என்றால் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பரிலிருந்து விதி. அந்த நாள் எந்த ஆண்டில் வரும் என்பதைக் குறிப்பேட்டில் இப்போது நாங்கள் எழுதிவைப்பதில்லை. அதற்கென இருந்த பத்தியை அடித்துவிட்டு, அதன் தலைப்பில் 'விதைநெல்' என்று எழுதியிருக்கிறோம். மாதம் ஐந்தாம் தேதி தவணை போனதும் முதலில் பார்ப்பது அந்தப் பத்தியைத்தான்.