ராஜா இல்லாத நோட்டு

 ஆபீசுல ஆணி அதிகம், டமேஜர் தொல்லை வேற. பழைய பிரிட்டிஷ் நோட்டு சேர்க்கறேன்னு சொல்றியே, அப்படி என்னதான்யா இருக்கு அதுலன்னு ஒரு நண்பர் கேட்டு மூணு மாசம் ஆகுது. அவருக்காக இந்தப் பதிவு. நோட்டு பிடிக்காதவங்களும் நடுவுல வர்ற அப்பாவுக்காகப் படிக்கலாம்.

நான் பொட்டி தட்டறது இங்கிலாந்துல, ரெடிங் பக்கம். இங்க ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு மைதானத்துல காரை வரிசையா நிறுத்தி, டிக்கியைத் திறந்து வெச்சு வீட்டுல கிடக்கற பழைய சாமானை விப்பாங்க. கார் பூட் சேல்னு பேரு. நான் போனது பிரஷர் குக்கர் தேடி. வாங்கிட்டு வந்தது 4 பவுண்ட் கொடுத்து ஒரு பழைய பச்சை நிற ஒரு பவுண்ட் நோட்டு. ஒரு பவுண்டை நாலு பவுண்டுக்கு வாங்கின ஒரே ஆள் நீதான்டான்னு ரூம்மேட் இன்னும் ஓட்டறான்.

அந்த நோட்டு 1960 மார்ச் 17-ல முதல்ல வெளிவந்த வகை. ராபர்ட் ஆஸ்டின் வரைஞ்சது. வலது பக்கம் இளவயசு எலிசபெத் ராணி. கணக்கு நோட்டைத் திருத்தற கண்டிப்பான டீச்சர் மாதிரி இருப்பாங்க. நான் மட்டும் சொல்லலை, முகம் ரொம்பக் கடுமையா இருக்கு, ராணி மாதிரியே இல்லைன்னு அந்தக் காலத்துலயே விமர்சனம் வந்திருக்கு.

நம்ம தொழில்காரங்களுக்குப் பிடிக்கற ஒரு விஷயம் இதுல இருக்கு. இந்த வகை நோட்டுல சிலதோட பின்பக்கம் பொடி எழுத்துல ஒரு 'ஜி' இருக்கும். கோபெல்னு ஒரு ஜெர்மன் கம்பெனி மெஷின்ல அச்சடிச்சதுன்னு அடையாளம். அதாவது புது மெஷின்ல அடிச்ச சரக்கை அப்படியே ஜனங்க கையில விட்டுட்டு, எது எந்த மெஷின்னு தெரிய ஒரு கொடி குத்தி வெச்சிருக்காங்க. நாம புரொடக்‌ஷன்ல டெஸ்ட் பண்ணினா மட்டும் டமேஜர் திட்டறார் :-)

இன்னொண்ணு. இந்த நோட்டு 1979-லயே கடையில செல்லாமப் போயாச்சு. ஆனா நோட்டு மேல, கேட்டவுடனே கொண்டு வந்தவருக்குக் கொடுப்பேன்னு ஒரு வாக்கு அச்சடிச்சிருக்கு பாருங்க, அதை பேங்க் ஆஃப் இங்கிலாந்து இன்னிக்கும் காப்பாத்துது. லண்டன் திரெட்நீடில் தெருவுக்குக் கொண்டு போனா ஒரு பவுண்ட் கொடுத்துடுவாங்க. 1970-ல போன 10 ஷில்லிங் நோட்டுக்கும் 50 பென்ஸ் உண்டு. ஒரு பவுண்டுக்காக ரெடிங்ல இருந்து டிக்கெட் எடுத்துப் போற புத்திசாலி நான் இல்லை. ஆனாலும் போனா கிடைக்கும்ங்கறதுல ஒரு சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கேட்லாக்ல படிச்சப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டது ஒரே ஒரு வரி. பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஆரம்பிச்சது 1694. அது தன்னோட நோட்டுல அரச முகத்தைப் போட்டது 1960-லதான். முழுசா 266 வருஷம், அவங்க நோட்டுல ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை! பிரிட்டானியாங்கற அம்மா மட்டும் உட்கார்ந்திருப்பாங்க. காசுல முகம் உண்டு, அது வேற கதை. நோட்டுல கிடையாது.

நடுவுல ஒரு 14 வருஷம் மட்டும் ராஜா எட்டிப் பார்த்தார், அதுவும் வேற வழியா. 1914 ஆகஸ்ட்ல போர் வந்ததும் தங்கக் காசைப் புழக்கத்துல விடக் கூடாதுன்னு கஜானாவே அவசரமா ஒரு பவுண்ட், 10 ஷில்லிங் நோட்டு போட்டுச்சு. தகுந்த பேப்பர் கையில இல்லாம தபால் தலை அடிக்கற பேப்பர்ல அடிச்சாங்கன்னா அவசரம் புரியும். கையெழுத்து ஜான் பிராட்பரிங்கற அதிகாரியோடது, அதனால நோட்டுக்கே பிராட்பரின்னு பேராகிடுச்சு. அதுல 5-ஆம் ஜார்ஜ் தலை இருக்கும். என்கிட்ட 1917 வகை ஒண்ணு இருக்கு, ஒரு பக்கம் ராஜா, இன்னொரு பக்கம் டிராகனைக் குத்தற புனித ஜார்ஜ். நல்லா கசங்கினது. கசங்காததோட விலையைக் கேட்டா வீட்டு வாடகை ஞாபகம் வருது. 1928 நவம்பர்ல அந்த வேலையை பேங்க் ஆஃப் இங்கிலாந்து எடுத்துக்கிட்டதும் ராஜா அவுட், மறுபடி பிரிட்டானியா.

ஸ்காட்லாந்துல ராயல் பேங்க் 1777-லயே ஒரு கினி நோட்டுல ராஜா தலையைச் சிவப்புல அடிச்சிருக்கு. அது வேற பேங்க், வேற ஊர்.

ஆக, 1936-ல இருந்து 1952 வரை ஆண்ட 6-ஆம் ஜார்ஜ் முகம் ஒரு பேங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டுல கூட இல்லை. ஒண்ணுல கூட!

இப்போ நம்ம பக்கம் பாருங்க. 1917 நவம்பர் 30-ல வந்த ஒரு ரூபாய் நோட்டுல 5-ஆம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய்க் காசோட படம். 1923 மே மாசம் 10 ரூபாய் நோட்டுல அவரோட முகமே வந்துடுச்சு. அதுல இருந்து பிரிட்டிஷ் இந்தியாவோட நோட்டுல ராஜா நிரந்தரம். 1938-ல ரிசர்வ் வங்கி முதல் முதலா நோட்டு போட்டப்ப 5 ரூபாயில ஆரம்பிச்சு 10,000 ரூபாய் வரைக்கும் 6-ஆம் ஜார்ஜ். இன்னும் கேளுங்க, நாசிக்ல அச்சகம் வந்தது 1928-ல. அதுவரைக்கும் நம்ம நோட்டை லண்டன்ல அச்சடிச்சது யாரு? சாட்சாத் அதே பேங்க் ஆஃப் இங்கிலாந்து. தன் நோட்டுல போடாத முகத்தை நமக்கு அடிச்சு, கப்பல்ல ஏத்தி அனுப்பியிருக்கு.

இதுக்கு ஒரு விளக்கம் சொல்வாங்க. பேங்க் ஆஃப் இங்கிலாந்து 1946 வரைக்கும் பங்குதாரர்களோட பேங்க், அரசாங்கத்தோடது இல்லை, அதனால ராஜா முகம் இல்லைன்னு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ரிசர்வ் வங்கியும் 1935-ல ஆரம்பிச்சப்ப பங்குதாரர் வங்கிதானே, 1949-லதானே அரசுடைமை ஆச்சு? அதுல மட்டும் எப்படி ராஜா ஜம்முனு உட்கார்ந்தார்? என் அளவுல அந்த விளக்கம் நிக்கலை.

இனி அப்பா. நான் இந்த நோட்டெல்லாம் சேர்க்கறது அவருக்குச் சுத்தமா பிடிக்காது. தாத்தா 42-ல மறியல் பண்ணி மூணு மாசம் உள்ள இருந்தவர். "ஏன்டா, உங்க தாத்தாவை ஜெயில்ல வெச்சவன் மூஞ்சியை நீ காசு கொடுத்து வாங்கறியா?"ன்னு முதல் நாளே கேட்டுட்டார். இதுல வேடிக்கை என்னன்னா, தாத்தா தன்னோட முதல் சம்பளத்துல எடுத்து வெச்ச ஒரு 5 ரூபாய் நோட்டு அப்பாகிட்ட இருக்கு. 6-ஆம் ஜார்ஜ் நேரா பார்க்கற படம். (முதல்ல வந்ததுல பக்கவாட்டு முகம். போர்க்காலத்துல ஜப்பான்காரன் 5 ரூபாயும் 10 ரூபாயும் அச்சு அசலா கள்ள நோட்டு அடிச்சதால, நேர்முகமா மாத்தி பாதுகாப்பு இழையும் சேர்த்தாங்க.) பின்பக்கம் தமிழ்ல ஐந்து ரூபாய்னு இருக்கும். இன்னிக்கு அதை எடுத்துக்கிட்டு எந்தக் கவுண்டருக்குப் போனாலும் யாரும் 5 ரூபாய் தர மாட்டாங்க. ஒரு பழைய பஞ்சாங்கத்துக்குள்ள இருக்கு. கேட்டேன். உன் ராணி பக்கத்துல எங்கப்பா நோட்டு உட்காராதுன்னுட்டார்.

போன மாசம் போன்ல இந்த 1694, 1928, 1938 கதை முழுக்க அவர்கிட்ட சொன்னேன். இங்கிலாந்துல ஒரு கிளார்க் பாக்கெட்டுல இருந்த நோட்டுல ராஜா இல்லப்பா, தாத்தா பாக்கெட்டுல இருந்ததுலதான் இருந்தார்னு. ரொம்ப நேரம் சத்தமே இல்லை, லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம் சொன்னார்: "தன் வீட்டுக் கூடத்துல மாட்டாத படத்தை நம்ம வீட்டுல ஆணி அடிச்சு மாட்டியிருக்கான். இதைத்தானேடா உங்க தாத்தாவும் சொன்னார்."

எனக்குப் பதில் வரலை. மூணு மாசம் கேட்லாக் புரட்டினவனைவிட அவர் ஒரே வரியில சொல்லிட்டார். ஆனா அதுக்காகவே இந்த நோட்டுங்களைச் சேர்க்கணும்னு எனக்குத் தோணுது, தூக்கிப் போடணும்னு தோணலை. ஆல்பத்துல பிராட்பரிக்கு அப்புறம், ராணிக்கு முன்னாடி, ஒரு பக்கம் காலியா விட்டிருக்கேன். இங்கிலாந்து நோட்டுல ராஜா இல்லாத அந்த 32 வருஷத்துக்கான பக்கம். ஒரு பிரிட்டானியா நோட்டு வாங்கி சொருகறது பெரிய விஷயம் இல்லை. நான் வாங்கலை.

நேத்து அப்பாவே கூப்பிட்டார். சாப்பாடு, குளிர் எல்லாம் விசாரிச்சுட்டு, "அந்த பிளாஸ்டிக் கவர் நோட்டைக் கெடுத்துடாதா?"ன்னார். பிவிசி கவர்னா நாளாவட்டத்துல கெடுத்துடும், மைலார்னா ஒண்ணும் ஆகாதுன்னேன்.

"அப்ப அதுல ஒண்ணு கொண்டு வா. நோட்டு என்கிட்டயே இருக்கட்டும்."

டிசம்பர்ல ஊருக்குப் போறேன். ஒரு பாக்கெட்டா வாங்கி வெச்சுட்டேன்.