பிரதியொன்று வேறிடத்தில்

எமது வீட்டில் பழைய புகைப்படங்கள் பதினொன்றே உள்ளன. அவையும் மூலப் படங்கள் அல்ல, பிரதிகளே. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சியை விட்டு, பரந்தன் – முல்லைத்தீவு வீதி வழியே கிழக்கு நோக்கிப் பெயர்ந்த குடும்பங்களுள் எமதும் ஒன்று. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு பொருளாகக் கைவிட்டுச் சென்றோம். திருமண அல்பமும் அவ்வாறே போயிற்று. 2003ஆம் ஆண்டில், ஏ-9 வீதி திறந்திருந்த காலத்தில், கனடாவிலிருந்து வந்த மைத்துனியார் பதினொரு படங்களுக்குப் பிரதி எடுத்துச் சென்றிருந்தார். நாம் பத்திரமாகக் கட்டி வைத்தவை அழிந்தன. பிறர் கையிற் கொடுத்தவை பிழைத்தன. இதனை அனுபவத்தால் அறிந்திருந்தும், அண்மையில் ஒரு கணினியின் முன் அமர்ந்தபோது மறந்துவிட்டோம். அக்கதையைச் சொல்வதனால் வாசகர் சிலருக்கேனும் பயன் விளையும் என நம்புகின்றோம்.

எமது அன்னையார் முள்ளியவளையிற் பிறந்து வளர்ந்தவர். தமது கடைசி ஆண்டுகளில், மாலை வேளைகளில் முற்றத்தில் அமர்ந்து, வயல் விதைத்த கதை, வற்றாப்பளைப் பொங்கலுக்கு வண்டில் கட்டிச் சென்ற கதை, இடம்பெயர்ந்து திரிந்த கதை எனப் பலவற்றைச் சொல்லுவார். உயர்தர வகுப்பிற் பயிலும் எம் மகள் அவற்றைத் தன் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து வந்தாள். அன்னையார் காலமானபின், அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு மலரில் அக்கதைகளையும் சேர்க்க எண்ணினோம். அச்சகத்தாருக்குக் கொடுக்க மூன்று நாள்களே இருந்தன.

கைத்தொலைபேசியோ நிறைந்து வழிந்தது. அதன் மின்னேற்றும் துவாரமும் தேய்ந்து போயிருந்தது. கம்பியைப் பொருத்தினால் மின்னேறும், தரவு கடவாது. ஆகவே கம்பியில்லா வழியொன்றே எஞ்சியது. இரு கருவிகளிலும் உள்ள ஒரு கோப்புறையை எப்போதும் ஒன்றுபோல வைத்திருக்கும் ஒத்திசைவுச் செயலி ஒன்றை மகள் நிறுவினாள். வீட்டு வைஃபை வழியாக இவ்வகைச் செயலி இயங்கும்போது இணையத் தரவு செலவாவதில்லை. கோப்புகள் வீட்டுக்குள்ளேயே கருவிக்குக் கருவி செல்கின்றன. தரவு அட்டைக்குக் காசு எண்ணும் குடும்பங்களுக்கு இது பெரும் நன்மை.

ஆயின், முதல் நாள் மாலை முழுவதும் கணினி கைத்தொலைபேசியைக் கண்டுகொள்ளவேயில்லை. நாம் இரண்டையும் மூன்று முறை அணைத்து இயக்கினோம். செயலியை நீக்கி மீண்டும் நிறுவினோம். பின்னர் கைத்தொலைபேசியைக் கணினிக்கு அருகில் கொண்டுபோய் வைத்தோம். அருகில் வைத்தால் உறவு உண்டாகும் என்பது மனிதர்க்கு ஒருகால் பொருந்தலாம், இயந்திரங்களுக்குப் பொருந்தவில்லை.

இரண்டாம் நாள் மகள் கேட்டாள்: “அப்பா, ரெண்டும் ஒரே வைஃபையிலயோ நிக்குது?”

“வீட்டில இருக்கிறது ஒரு வைஃபை தானே, பிள்ளை?” என்றோம்.

அன்று. பின்னறைக்குச் சமிக்ஞை எட்டவில்லையென்று முன்னர் இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி முதலாவதுடன் இணைத்திருந்தோம். வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்க முகவரி உண்டு. கணினியின் முகவரி 192.168.1 எனவும், கைத்தொலைபேசியின் முகவரி 192.168.8 எனவும் தொடங்கின. சாதாரண வீடுகளில் இம்முகவரியின் முதல் மூன்று பகுதிகளும் ஒத்திருந்தாலே இரு கருவிகளும் ஒரே வலையமைப்பில் உள்ளன எனலாம். இரணைமடுக் குளத்தின் கீழ் வேளாண்மை செய்வோர்க்கு இதனை விளக்குதல் எளிது: குளம் ஒன்றே, எனினும் வெவ்வேறு வாய்க்கால்களில் நிற்கும் இருவர் ஒருவர் வரம்பை மற்றவர் காண்பதில்லை. கருவிகள் ஒன்றையொன்று தேடி விடுக்கும் அழைப்பும் தன் வலையமைப்பின் எல்லையைத் தாண்டுவதில்லை. விருந்தினர்க்கென ரவுட்டரில் திறக்கும் தனி வலையமைப்பிலும் இதே தடை வேண்டுமென்றே வைக்கப்படுவதுண்டு.

இரண்டையும் ஒரே ரவுட்டருக்கு மாற்றினோம். அப்போதும் இணைப்புக் கிட்டவில்லை. அடுத்த தடை கணினியின் காவலரண். விண்டோஸ் கணினி, தான் சேரும் வலையமைப்பைப் பொதுவிடத்தது அல்லது தனியிடத்தது என வகுத்துக்கொள்கிறது. பொதுவிடம் எனக் குறித்தால், பிற கருவிகளின் கண்ணிற் படாமல் தன்னை மறைத்துக்கொள்ளும். பேருந்து நிலையத்திலும் கடையிலும் அது வேண்டிய காவலே. சொந்த வீட்டில் அது எமக்கே கதவடைத்தது. வீட்டு வலையமைப்பை மட்டும் தனியிடம் என மாற்றினோம். ஐபோன் வைத்திருப்போர் இன்னுமொன்றைக் கவனித்தல் வேண்டும். 2020இல் வெளிவந்த ஐஓஎஸ் 14 முதலாக, வீட்டு வலையமைப்பிலுள்ள பிற கருவிகளைத் தேடுவதற்குச் செயலி எம்மிடம் அனுமதி கேட்கிறது. அவசரத்தில் மறுத்துவிட்டால், பின்னர் அமைப்புகளுக்குட் சென்று அதனை வழங்கவேண்டும்.

இப்போது கோப்புகள் நகரத் தொடங்கின. ஆனால் திரை அணைந்ததும் நின்றன. மின்கலத்தைச் சேமிக்கும் ஏற்பாடு, பின்னணியில் இயங்கும் செயலியை உறங்கச் செய்துவிடுகிறது. அச்செயலிக்கு மட்டும் விலக்களித்து, கைத்தொலைபேசியை மின்னேற்றியில் வைத்தோம். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்த்தமையாற்றான் எது தடை என்பதை அறிய முடிந்தது. முதல் நாள் செய்ததுபோல எல்லாவற்றையும் ஒருங்கே கலைத்திருந்தால் ஒன்றும் விளங்கியிராது.

இத்துடன் கதை முடிந்திருந்தால் நன்று. கணினியிற் கோப்புகளின் பெயர்களைக் கண்ட மகிழ்ச்சியில், கைத்தொலைபேசியில் இடம் உண்டாக்குவதற்காக நாமே ஒலிப்பதிவுகள் அனைத்தையும் அழித்தோம். செயலியின் முகப்பில் 98 வீதம் என்றிருந்ததைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த நாட்காலை கணினியைத் திறந்தால், அங்கும் கோப்புறை வெறுமையாயிருந்தது.

செயலி பிழை எதுவும் செய்யவில்லை. இரு பக்கமும் ஒன்றுபோல இருக்கவேண்டும் என்பதே நாம் இட்ட கட்டளை. ஒரு பக்கம் அழிந்தபோது மறுபக்கத்தையும் அது அவ்வாறே ஆக்கிற்று. ஒத்திசைவு என்பது கண்ணாடி; காப்பு என்பது பெட்டகம். கண்ணாடியின் முன்னிருந்து நாம் அகன்றால் உள்ளிருக்கும் உருவமும் அகன்றுவிடும். இவ்வேறுபாட்டை அறியாமலே பலர் இன்று படங்களைச் சேர்த்து வருகின்றனர். ஐகிளவுட்டில் ஒத்திசைத்த படத்தை ஒரு கருவியில் அழித்தால் எல்லாக் கருவிகளிலும் அழியும். 30 நாள்களுக்குள் மீட்கலாம். கூகிள் போட்டோஸில் காப்புச் செய்த படத்தை அழித்தால் 60 நாள்கள் குப்பைத்தொட்டியில் இருக்கும். அவ்வெல்லை கடந்தால் இரண்டிலும் இல்லை.

நற்பேறாக, அழிக்கப்படும் கோப்புகளைத் தனியோர் உறையிற் சில நாள் ஒதுக்கிவைக்கும் வசதியை மகள் தொடக்கத்திலேயே இயக்கி வைத்திருந்தாள். அங்கிருந்து ஒலிப்பதிவுகளை மீட்டோம், ஒன்றைத் தவிர. நீண்ட பதிவாகையால் கடைசியாக வந்துகொண்டிருந்த வற்றாப்பளைக் கதை முழுதாகக் கணினியை அடையவில்லை. எஞ்சியிருந்த இரண்டு வீதம் அதுவே. மகள் எம்மை ஒரு வார்த்தையும் கடிந்துரைக்கவில்லை. அது எமக்கு இன்னும் பாரமாயிற்று.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சிட்ட நூலுக்கு வேறெங்கேனும் ஒரு பிரதி கிடைக்கலாம். ஒற்றைப் பிரதியாயிருந்த ஓலைச்சுவடிக்கு அதுவும் இல்லை. நூலகத்துக்குப் பொருந்தும் நியதியே வீட்டுக்கும் பொருந்தும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது கோப்புகளைக் காப்போர் கைக்கொள்ளும் விதி. அன்னையாரின் குரல் இப்போது எமது கணினியில் உண்டு. வவுனியாவிலுள்ள தம்பியார் அலுமாரியில் ஒரு பென்டிரைவில் உண்டு. கனடாவில் மைத்துனியாரிடமும் உண்டு. பிரதிகளைத் திறந்து கேட்டுப் பார்த்த பின்னரே மூலத்தை அழிப்பது என்றும் வீட்டில் முடிவு செய்துள்ளோம்.

வற்றாப்பளைக் கதையை நாமும் தங்கையும் மகளுமாக இருந்து, ஆளுக்கு நினைவிருந்தவற்றைக் கோத்து எழுதினோம். வண்டிலில் சென்றோர் எத்தனை பேர் என்பதில் இன்னும் எம்முள் உடன்பாடில்லை. ஆயினும் அது நினைவு மலரில் அச்சாயிற்று. அந்தியேட்டி அன்று வந்தவர்கள் ஆளுக்கொரு மலர் எடுத்துச் சென்றனர். இன்று அக்கதையின் பிரதிகள் முள்ளியவளையிலும் வவுனியாவிலும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன.